காதுக்கு வழி தெரியாத கை

காலை எட்டு மணி பத்து நிமிடம். பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை. மட்டக்களப்புப் புளியந்தீவில் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றின் நீள மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது ஒரு கையை. தலைக்கு மேலாக வளைந்து போய் மறுபக்கத்துக் காதைப் பிடித்திருந்த, கண்ணாடி வளையல் போட்ட சிறிய வலது கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி தலைமையாசிரியையான பெரிய ரீச்சரின் மேசைக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சுவர் மணிக்கூடு என் கைக்கடிகாரத்தைவிட நாலு நிமிடம் பிந்தி ஓடியது. மேலே சொன்ன நேரம் என் கடிகாரத்தினுடையது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு என்று நினைக்கிறேன். வருடத்தைச் சரியாகச் சொல்ல முடியாதவர் நிமிடத்தை மட்டும் எப்படிச் சொல்கிறார் என்று ஒரு வாசகர் போன வாரம் கேட்டு எழுதியிருந்தார். நேரம் குறிப்புப் புத்தகத்தின் உள்ளே இருக்கிறது. வருடம் மேலட்டையில் இருந்தது. மேலட்டையைக் கறையான் தின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குக் காதுதான் அத்தாட்சி. வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு வயது வந்துவிட்டது. தொடாவிட்டால் அடுத்த வருடம். வயற்பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததால் வந்த வழக்கம் அது. போகப் போக, பத்திரம் உள்ள பிள்ளைகளுக்கும் அதுவே சட்டமாகிவிட்டது.

எங்கள் மகள் பாக்கியத்துக்கு அன்று ஏழு வயதும் இரண்டு மாதமும். முந்திய வருடம் காய்ச்சல் என்று சொல்லிக் கூட்டிப்போகவில்லை. அதற்கு முந்திய வருடம் என்ன காரணம் சொன்னோம் என்பது நினைவில்லை.

சாட்சி

எங்கள் முறை வந்தது. நான் பிறப்புப் பத்திரத்தை நீட்டினேன். பெரிய ரீச்சர் அதை வாங்கி, விரித்துப் பார்க்காமல் மைக்கூட்டுக்குக் கீழே வைத்தார்.

"பத்திரிகைக்காரர் கடதாசியோடதான் வருவார் எண்டு எனக்குத் தெரியும். கடதாசி உங்கட சாட்சி. காது என்ர சாட்சி. மகள், வலக்கையத் தூக்கு. இந்தக் காதத் தொடு பாப்பம்."

பாக்கியம் கையைத் தூக்கினாள். கை உச்சந்தலைக்குப் போய் நின்றது. பிறகு நெற்றிக்கு இறங்கிக் கண்ணை மறைத்தது. மூக்கைத் தொட்டது. திரும்ப உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கமாகப் பிடரிக்கு இறங்கியது. இருட்டில் நெருப்புப்பெட்டி தேடுகிற கை அப்படித்தான் போகும். பிடரியில் கிடந்த விரல்களுக்கும் காதுக்கும் இடையே இரண்டு விரற்கடைதான். கை அங்கே போகவில்லை.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாக்கியம் கையை எடுத்துப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். சிரித்தவள் அவளல்ல. சிரித்தவள் மூன்று பேருக்கு அப்பால் நின்றாள்.

அழுத பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு போன பிறகு பெரிய ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கை நீளம் காணும். கைக்குத்தான் வழி தெரியல்ல." பெயர்ப்பதிவு இடாப்பில் ஒரு கட்டத்தைப் பேனாவின் பின்முனையால் தொட்டுக் காட்டினார். "இந்த இடத்துல நான் ஒரு சொல்லு எழுதோணும். மந்தம் எண்டு எழுதினா மறுகா ஒரு பள்ளிக்கூடமும் இவள எடுக்காது. இப்ப எழுதாம விடுறன். சித்திரை வருசம் கழியக் கொண்டு வாங்க. அதுக்கும் காது அம்பிடாட்டி எழுதிப்போடுவன். அப்ப என்னோட கோவிக்கப்படாது."

"கோவிக்க மாட்டன்," என்றேன்.

வெளியே வரும்போது வாசற்படியில் பாக்கியம் குந்தியிருந்து, ஒவ்வொரு படியாக உடம்பை அரக்கி அரக்கி நகர்த்தி இறங்கினாள். மூன்று படிகள். அவள் படி இறங்குவது எப்போதும் அப்படித்தான். அதுவரை அதை நான் குறித்துவைத்ததில்லை.

ஞ எங்கே இருக்கிறது

இங்கே வேறு இரண்டு கதைகளைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அப்போது நான் புளியந்தீவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். கொழும்பிலிருந்து வந்த நாளேடு ஒன்றுக்கு மட்டக்களப்பு நிருபனும் நானே. அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர் இஸ்மாயில். என்னைவிட எட்டு வயது மூத்தவர். காத்தான்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன்.

ஒரு முறை, செய்தி எப்படி அச்சாகிறது என்று சிறுவர் பகுதிக்கு எழுதுவதற்காக அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஈய எழுத்துகள் கிடக்கும் தட்டு அவர் முன்னால் சரிந்து நின்றது. இருநூறுக்கு மேற்பட்ட சிறு அறைகள். எந்த அறையிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

"காக்கா, இதுல 'ஞ' எங்க இருக்கு?"

அவர் தட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேல் வரிசையிலிருந்து தேடினார். பக்கத்தில் ஈயக்கட்டி அடுக்கிக்கொண்டிருந்த பையன் சிரிக்கத் தொடங்கினான்.

"இருபத்திரெண்டு வருசம்! காக்காக்கு ஞ தெரியாதாம்!"

"வாயப் பொத்துடா. தம்பி, ஞாயிறு எண்டு ஒரு சொல்லச் சொல்லுங்க."

"ஞாயிறு."

சொல்லி முடியுமுன் கை கீழ் வலது மூலைக்குப் போய் எழுத்தோடு திரும்பியது. அவர் எழுத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்குத் தெரியா தம்பி. கைக்குத் தெரியும்."

அதை அப்படியே எழுதினேன். சிறுவர் பகுதியில் பெட்டி கட்டிப் போட்டார்கள்.

நாற்காலியில் வராத பாட்டு

இரண்டாவது கதை வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்த, வயல் செய்யும் ஒரு கமக்காரரைப் பற்றியது. அந்த வருடம் அவர்களுடைய ஊர்க் கூத்தில் அவர் ராசா வேடம் ஆடியிருந்தார். கூத்தைப் பற்றி எழுதும் செய்தியில் ராசாவின் வரவுப் பாட்டிலிருந்து நாலு வரி போட விரும்பினேன். சந்தைக்குத் தோணியில் வந்தவரை அச்சகத்துக்குக் கூட்டிவந்து நாற்காலியில் இருத்தினேன்.

வெறுந்தேத்தண்ணி குடித்தார். முதல் வரியைச் சொன்னார். இரண்டாம் வரி வரவில்லை. திரும்ப முதல் வரியைச் சொன்னார். வியர்த்தது.

"தம்பி, குறை நினைக்கப்படாது. இதுல இருந்துகொண்டு எனக்கு வராது. எழும்பட்டா?"

எழுந்தார். மேசைக்கும் கடதாசிக் கட்டுகளுக்கும் இடையில் ஆறடி இடம் இருந்தது. சால்வையை இடுப்பில் கட்டினார். ஒரு கால் வைத்தார், மறுகால் வைத்தார், சுற்றித் திரும்பினார். இரண்டாம் வரி வந்தது. மூன்றாவதும் நாலாவதும் வந்தன. நான் நாலு வரியோடு எழுதுவதை நிறுத்தினேன். அவர் நிற்கவில்லை. முழுப் பாட்டையும் ஆடிவிட்டுத்தான் நாற்காலியில் இருந்தார். இஸ்மாயில் காக்கா எழுத்துக் கோர்ப்பதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி உள்ளேயிருந்து வந்து, "என்ன, ராச்சியம் மாறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதையும் எழுதினேன். வேடிக்கைச் செய்தியாக வந்தது.

இரண்டையும் எழுதியவன் நான். பிழை திருத்தியவனும் நான். என் வீட்டில் நடப்பதும் அந்த இரண்டுக்குள்ளே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஒரு கேள்வி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்தத் திங்கட்கிழமை நான் அச்சகத்தில் இரண்டு பிழைகளை விட்டேன். இரண்டையும் இஸ்மாயில் காக்கா கண்டுபிடித்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இரிக்கி?"

நடந்ததைச் சொன்னேன். மந்தம் என்ற சொல்லையும் சொன்னேன். நாலு மாதமாக நான் வீட்டில் மேசையில் இருத்தி அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன், ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் விழிக்கிறாள் என்று சொன்னேன். அவர் கைகள் வேலையை நிறுத்தவில்லை.

"அது கிடக்கட்டும். புள்ள என்ன விளையாடும்?"

பொலிஸ்காரரிடமும் அரசாங்க முதலியார்மாரிடமும் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"தெரியாது காக்கா."

"அப்ப போய்ப் பாருங்களன்."

வட்டம்

நாலரை மணிக்கு வீட்டுக்குப் போனேன். முன்வாசலால் போகாமல் வேலியோரமாகப் பின்வளவுக்குப் போய் நின்றேன்.

எங்கள் வீட்டின் பின்புறம் வாவி. எங்கள் ஆட்கள் அதை ஆறு என்றுதான் சொல்வார்கள். சமைக்கும் குசினிக்கு வெளியே தாழ்வாரத்தைத் தாங்கும் ஒரு தூண். தூணடியில் பாக்கியம் குந்தியிருந்தாள்.

தூணைச் சுற்றி மண் இறுகிக் கிடந்தது. நெற்சூடு மிதிக்கும் களத்தில் மாடு சுற்றிய இடம்போல ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே மணல் பொருபொருவென்று, விளக்குமாற்றுக் கோடு கலையாமல் இருந்தது. வட்டத்துக்குள்ளே நூற்றுக்கணக்கான சிறு காலடிகள். வெளியே ஒன்றுகூட இல்லை.

அந்த வட்டம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள், தாய் அடுப்படியில் நிற்கும்போது தவழும் பிள்ளையின் இடுப்பில் பழஞ்சேலைத் துண்டைக் கட்டி மறுமுனையைத் தூணில் கட்டிவிடுவார்கள். கரையோரத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பிள்ளை நன்றாக நடக்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுவார்கள்.

பாக்கியத்துக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அவளுடைய அண்ணன் ராசன் ஆற்றில் போனான். அவனுக்கு நாலு வயது. அவனை அவிழ்த்துவிட்டு இரண்டு வருடமாகியிருந்தது. என் மனைவி நாகம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் அச்சகத்தில் இருந்தேன்.

பாக்கியத்தை நாங்கள் ஐந்து வயது வரை அவிழ்க்கவில்லை.

அவிழ்த்து இரண்டு வருடம் கழிந்து அந்தத் திங்கட்கிழமை நான் பார்த்துக்கொண்டு நிற்கையில், வேலிக்கு அப்பாலிருந்து ஒரு துணிப்பந்து வந்து விழுந்தது. வட்டத்துக்கு வெளியே இரண்டு முழம் தள்ளி நின்றது. பாக்கியம் எழுந்து வட்டத்தின் விளிம்பு வரை போனாள். பந்தைப் பார்த்தாள். குனிந்து கையை நீட்டினாள். எட்டவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தால் எட்டும்.

வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வளவு மீன்பிடிக்காரரின் மகள் தங்கம். எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை.

"ஏய் கட்டுக்கண்டு! பந்த எடுத்து எறியன்!"

கட்டுக்கண்டு என்றால் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி. அவளுடைய தங்கச்சிமாரின் குரல்கள் கீழேயிருந்து வந்தன. "கண்டு எப்பிடிக்கா வரும்? ஆரும் அவிழ்த்து விடோணுமே!"

பாக்கியம் இரண்டு கையாலும் மணலை அள்ளி வேலியை நோக்கி எறிந்தாள். அது அவள் முகத்திலேயே வந்து கொட்டியது.

நான் போய்ப் பந்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஐம்பது தடவை

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாகம்மாவிடம் சொன்னேன். பிள்ளையைத் தங்கத்தோடு விடவேண்டும், ஓடவேண்டும், மாசியில் தண்ணீர் இறங்கியதும் ஆற்றில் அவர்களோடு இறங்கவேண்டும் என்றேன்.

அவள் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ட ஆத்துக்குக் குடுத்தது காணாதா உங்களுக்கு?"

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ராசன் போன பிறகு நாகம்மா அந்த ஐந்தரை வருடமும் ஆற்றில் கால் வைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மீன் கழுவுவதற்கும் கிணற்றுத் தண்ணீர்தான்.

சித்திரைக்குள் காது வேண்டும். நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். எழுத்துப் பிழையை மூன்று முறை படித்துத் திருத்துகிறவன், கையையும் அப்படித் திருத்தலாம் என்று எண்ணினேன். வேலையால் வந்ததும் பாக்கியத்தை முன்னால் நிறுத்தி, அவள் வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடது காதில் வைப்பேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. கோடு போட்டுக் கணக்கு வைத்தேன். நான் பிடித்துக் கொண்டுபோனால் கை போகும். விட்டால் பிடரிக்குப் போகும்.

மாசி நடுவில் ஒரு நாள், முப்பத்தெட்டாவது தடவை என்று குறிப்பில் இருக்கிறது, நான் கையை விட்டேன். கை உச்சிக்குப் போனது. நின்றது. பிறகு பாக்கியம் மற்றக் கையால் தன் இடது காதிலேயே அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். அழவில்லை.

நாகம்மா குசினி வாசலில் நின்றாள்.

"விடுங்க அவள," என்றாள். "தன்ர காதத் தானே அடிக்கிது புள்ள. பாத்துக்கொண்டு நிக்கிறீங்களே, கணக்கு எழுதிறத்துக்கா?"

பென்சிலைக் கீழே வைத்தேன்.

மட்டி

மறுநாள் காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு நான் பல் விளக்கிக்கொண்டு பின்வளவுக்கு வந்தேன். தூணடியில் யாருமில்லை. வட்டத்துக்கு வெளியே மணலில் இரண்டு சோடிக் காலடிகள் கரை வரை போயிருந்தன. ஒன்று பெரிது. மற்றது சிறிது, இழுபட்டிருந்தது.

தண்ணீர் இறங்கியிருந்தது. நாகம்மா சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாக்கியம். தண்ணீர் பிள்ளைக்கு முழங்கால் வரை, தாய்க்குக் கெண்டைக்கால் வரை. இருவரும் அசையவில்லை. நாகம்மாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன.

கொஞ்சம் தள்ளித் தங்கமும் தங்கச்சிமாரும் மட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிப்பி வகையான மட்டி சேற்றுக்குள் புதைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கால்விரலால் சேற்றைத் துழாவி, விரலுக்குக் கடினமாகப் பட்டதும் குனிந்து எடுக்கவேண்டும்.

"மாமி!" தங்கம் கத்தினாள். "நிண்டா அம்பிடாது மாமி! கால அரக்குங்க, அரக்குங்க!"

நாகம்மா ஒரு காலை அரக்கினாள். பாக்கியமும் அரக்கினாள். விழுந்தாள். முழுதாகத் தண்ணீருக்குள் போய் எழுந்தாள். நாகம்மா போட்ட சத்தத்துக்கு நான் கரைவரை ஓடிவிட்டேன். பாக்கியம் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கையை உயர்த்தினாள். கையில் ஒரு மட்டி இருந்தது.

"அது என்ர காலுக்குக் கிட்டக் கிடந்தது!" என்றாள் தங்கம்.

"என்ர!" என்றாள் பாக்கியம்.

நான் அறிந்தவரை, இன்னொரு பிள்ளைக்கு அவள் அடியால் அல்லாமல் சொல்லால் கொடுத்த முதற் பதில் அது.

அதன் பிறகு மழை இல்லாத எல்லாக் காலையும் போனார்கள். முதல் வாரம் நாகம்மா கையை விடவில்லை. இரண்டாம் வாரம் பாக்கியத்தின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். மூன்றாம் வாரம் ஐந்தடி தள்ளி நின்றாள். அதற்கு மேலே தள்ளி அவள் ஒருநாளும் நிற்கவில்லை.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். முதலில் பாக்கியம் நாளுக்கு ஒன்பது பத்து முறை விழுந்தாள். பிறகு மூன்று. பிறகு விழப்போகிற நேரம் கையை விரித்து நிற்கப் பழகினாள். சேற்றில் கால் போகும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதை விட்டாள். தலை நிமிர்ந்தது. தலை நிமிர்ந்த பிறகுதான் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கத் தொடங்கினாள் என்பது என் குறிப்பு.

ஒரு நாள் தங்கம் குழியில் கால் வைத்துச் சப்பென்று இருந்துவிட்டாள். பாக்கியம் சிரித்தாள். வாயைத் திறந்து வைத்துச் சிரித்தாள். தங்கமும் சேற்றுக்குள் இருந்தபடியே சிரித்தாள். பிறகு பாக்கியம் கையை நீட்டினாள்.

"பிடி. இறுக்கிப் பிடி. இல்லாட்டி நானும் விழுவன்."

மட்டியை இருபது இருபதாகக் குவித்துப் பங்கு பிரிப்பது தங்கம் வீட்டு வழக்கம். பங்கு பிரிக்கும்போது நாளாந்தம் சண்டை. மேசையில் ஐந்தும் மூன்றும் தெரியாத பிள்ளை கரையில் நின்று கத்துவது அச்சகத்துக்குப் புறப்படும் எனக்குக் கேட்கும்.

"உனக்கு ஒரு இருவதும் அஞ்சும். எனக்கு ஒரு இருவதும் ரெண்டும். மூண்டு கூட எடுத்திருக்கிறாய் நீ! வை, வை கீழ!"

"கட்டுக்கண்டு கணக்குப் பாக்கிது!"

"ஓம், பாக்கிறன். வைடி!"

இதை இஸ்மாயில் காக்காவிடம் சொன்னேன். அவர் எழுத்துக் கோர்ப்பதை நிறுத்தினார்.

"மட்டி என்ன செய்றீங்க?"

"தின்னுறம். தேங்காப்பால் விட்டுச் சமைக்கிறா."

"நம்மட ஆக்கள் மட்டி தின்ன மாட்டம்," என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைய ஒரு நாளைக்கு இஞ்ச கூட்டி வாங்க. ஞ எங்க இரிக்கி எண்டு அதுட்டக் கேப்பம்," என்றார்.

காதுப் பயிற்சியை, அவள் தன் காதில் அடித்த அந்த நாளோடு நான் விட்டிருந்தேன். அவளும் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஆகவே சித்திரை வரும்போது கை எங்கே போகும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நாகம்மா வருடப்பிறப்பன்று பலகாரத்துக்குச் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டாள்.

சித்திரைக்குப் பிறகு

எட்டு மணி இருபத்தைந்து நிமிடம். அதே மண்டபம். சுவர் மணிக்கூடு இப்போது ஏழு நிமிடம் பிந்தியிருந்தது. இம்முறை நாகம்மாவும் வந்தாள். வாசற்படி மூன்றையும் பாக்கியம் நின்றபடியே ஏறினாள். கடைசிப் படியில் தடுக்கியது. விழவில்லை.

முதற்பாடத்துக்கு முந்திய நேரம். நீண்ட மர வாங்குகளில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தையில் குத்து வாங்கியவளும் இருந்தாள்.

பெரிய ரீச்சர் இடாப்பைத் திறந்து, எழுதாமல் விட்ட கட்டத்தைக் கண்டுபிடித்து, பேனாவை மையில் தோய்த்தார்.

"ஆ, வந்தாச்சா. கையத் தூக்கு மகள்."

கை உச்சந்தலைக்குப் போனது. அங்கே நின்றது.

நாகம்மா என் முழங்கையைப் பிடித்தாள். பேனா முனையில் மை திரண்டது.

பாக்கியம் கண்ணை மூடினாள். விரல்கள் தலைமயிருக்குள் மெதுவாக அரக்கின. கொஞ்சம் அரக்கி நின்றன. திரும்பக் கொஞ்சம் அரக்கின. அந்த அசைவை நான் எங்கே கண்டேன் என்பது உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. சேற்றுக்குள் அவள் கால்விரல் அப்படித்தான் போகும். காதின் மேல்விளிம்பு பட்டதும் விரல்கள் அதைக் கவ்விப் பிடித்தன.

"அம்பிட்டுது!" என்று கத்தினாள்.

வாங்குகளில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியம் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் மற்றக் கையை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. பிறகு அவளும் சிரித்தாள், காதை விடாமலே.

"காணும் புள்ள, காத விடு. பிஞ்சு வரப்போகுது," என்றார் பெரிய ரீச்சர். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "இப்ப உங்கட சாட்சியத் தாங்க."

பத்திரத்தைக் கொடுத்தேன். பெயரையும் வயதையும் பார்த்து எழுதினார். அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டார். பாக்கியத்தை முன்வாங்கில் இருத்தினார்கள். குத்து வாங்கியவள் அரை முழம் தள்ளி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பாக்கியம் அவளுக்குத் தன் சிலேற்றைக் காட்டினாள். அதற்கு மேல் நாங்கள் நிற்கவில்லை.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த பாக்கியம் சட்டைகூட மாற்றாமல் பின்வளவுக்குப் போனாள். தூணில் முதுகை வைத்து நின்றாள். பிறகு ஆற்றை நோக்கி நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் எண்ணினாள். இருபது வந்ததும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். நாகம்மா குசினி வாசலில் நின்று பார்த்தாள். கூப்பிடவில்லை.

கரையில் நின்று பாக்கியம் கத்தினாள்: "மூண்டு இருவதும் ஏழும்!"

நான் உள்ளே போனேன். குசினிக் கூரை வளையில் செருகியிருந்த, அவளைக் கட்டிய அந்தச் சேலைத் துண்டு அப்போதும் அங்கேதான் இருந்தது. எடுத்து, முடிச்சுகளை அவிழ்த்து, கையால் அளந்து பார்த்தேன். மூன்று முழம்.